தக்காளி, வெண்டை, மிளகாய், புதினா: வைரஸ் ஆபத்தை நடவுக்கு முன்பே கணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறி, கீரை, புதினா, மல்லி பயிரிடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் செடி சுருண்ட பிறகுதான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் செய்வதற்கு அதிகம் இருக்காது. நாற்று விடுவதற்கு முன் கேட்டால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டு வயல்களையும் மாடித்தோட்டங்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

1. செடிக்கும் வைரஸ் வருமா? அதுவும் நமக்கு வர்ற காய்ச்சல் மாதிரி தானா சரியாயிடுமா?

வரும். உலகத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்ட வைரஸே செடியில் இருந்ததுதான். நோயுற்ற புகையிலையின் சாறு, பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியைத் தாண்டிய பிறகும் நோயைப் பரப்பியதை 1892ல் ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி காட்டினார். இது பாக்டீரியா இல்லை, வேறொன்று என்று 1898ல் நெதர்லாந்தில் பெய்ஜரிங்க் சொன்னார்.

தானாகச் சரியாகாது. நம் உடம்பில் ஓடுவது போன்ற எதிர்ப்பணுக்கள் செடிக்குக் கிடையாது. தக்காளியிலும் வெண்டையிலும் வைரஸ் ஒருமுறை செடி முழுக்கப் பரவிவிட்டால் செடி சாகும்வரை அதிலேயே இருக்கும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதை வைத்துத்தான்.

2. வைரஸ் வந்த செடியோட காயைச் சாப்பிட்டா ஏதாவது ஆகுமா?

ஆகாது. செடி வைரஸ் மனிதனுக்கோ மாட்டுக்கோ நோய் தருவதில்லை. காய் சின்னதாக, வெளிறி, நாராக இருக்கும், விலை போகாது, அவ்வளவுதான். வைரஸைக் கண்டு பயந்து வாரம் இரண்டு முறை அடிக்கும் பூச்சிமருந்துதான் சாப்பிடுகிறவருக்கு உண்மையான கவலை.

3. மிளகாய் இலை சுருண்டுடுச்சு. வைரஸ்தானே?

அவசரப்பட வேண்டாம். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து படகு போல ஆகும். மஞ்சள் சிலந்தி தாக்கினால் இலை கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீளும். இரண்டுமே பூச்சியின் நேரடி வேலை. அதைக் கட்டுப்படுத்தினால் புதுத் துளிர் நன்றாக வரும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 2021ல் மிளகாயைப் பெரிய அளவில் அழித்தது புதுவகை இலைப்பேன் ஒன்று. வைரஸ் என்று நினைத்திருந்தால் பாதை தவறியிருக்கும். தக்காளியில் வெயில் அதிகமானாலும் அடி இலைகள் சுருளும், துளிர் நன்றாகவே இருக்கும். பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து பட்டால் இலை குறுகி, நூல் போல நீண்டு, பார்ப்பதற்கு வைரஸ் போலவே இருக்கும்.

வைரஸ் என்றால் பாதிப்பு துளிரில் இருக்கும். இலை சின்னதாகும், மஞ்சளும் பச்சையும் கலந்து தேமல் விழும், கணு நெருங்கிச் செடி குட்டையாகும். வயலில் அது விழும் விதத்தையும் பாருங்கள். சத்துக்குறை என்றால் ஒரு பகுதி முழுக்க ஒரே சீராகத் தெரியும். வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் வரப்பு ஓரத்தில் தொடங்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் துளிரை ஈரமில்லாத காகிதத்தில் சுற்றி, அன்றைக்கே வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ கொண்டு போய்க் காட்டலாம்.

4. சரி, வைரஸ்தான். என்ன மருந்து அடிக்கலாம்?

வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. "வைரஸ் மருந்து" என்று பாட்டிலில் எழுதி விற்றாலும் இல்லை. கடையில் கொடுப்பது ஒன்று பூச்சிமருந்தாக இருக்கும், இல்லையென்றால் நுண்ணூட்டக் கலவை. நுண்ணூட்டம் கொடுத்தால் இலை கொஞ்சம் பச்சை பிடிக்கும், உள்ளே இருக்கும் வைரஸ் அப்படியே இருக்கும்.

பூச்சிமருந்து உதவுமா என்பது எந்தப் பூச்சி, எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது. அடுத்த பதிலைப் படித்தால் புரியும்.

5. எப்படித்தான் பரவுது? காத்துலயா, தண்ணியிலயா?

இங்கே காய்கறியில் பார்ப்பவற்றை நான்கு வழியாகப் பிரிக்கலாம். முதலாவது வெள்ளை ஈ. தக்காளி இலைச்சுருள், வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல், மிளகாய் இலைச்சுருள் எல்லாம் இதன் வழி. நோயுள்ள செடியில் அரைமணி நேரம் போல உட்கார்ந்து சாறு குடித்தால் போதும். சில மணி நேரம் கழித்து அந்த ஈ பரப்பத் தொடங்கும், பிறகு பல நாள், சில சமயம் சாகும்வரை பரப்பும்.

இரண்டாவது இலைப்பேன். தக்காளி, நிலக்கடலை, தட்டைப்பயறு போன்றவற்றில் வரும் மொட்டுக்கருகல் வைரஸை இதுதான் கொண்டு வருகிறது. குஞ்சுப் பருவத்தில் நோயுள்ள செடியைத் தின்ற பேன்தான் வளர்ந்தபின் பரப்பும். வளர்ந்த பேன் புதிதாக நோயுள்ள செடியில் போய்க் குடித்தாலும் அதனால் பரப்ப முடியாது. அதாவது, அந்தப் பேன்கள் பிறந்து வளர்ந்த இடம் எது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது அசுவினி, துளிரில் கூட்டமாக மொய்க்கும் பொடிப் பூச்சி. வெள்ளரித் தேமல், பப்பாளி வளையப்புள்ளி இரண்டும் இதன் வழி. வெள்ளை ஈ போல இது காத்திருப்பதில்லை. வாயில் ஒட்டிக்கொண்ட வைரஸை, அடுத்த செடியை ஒருமுறை குத்திப் பார்க்கும் சில விநாடிகளுக்குள் இறக்கிவிடும். மருந்து பட்டு அசுவினி சாவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும் என்பதால் இங்கே பூச்சிமருந்து ஏறக்குறைய வீண். சுற்றிலும் மக்காச்சோளமோ சோளமோ மூன்று நான்கு வரிசை அடர்த்தியாக விதைத்தால், வந்திறங்கும் அசுவினி முதலில் அதைக் குத்தி வாயில் உள்ளதை அங்கேயே விட்டுவிடும். சோளத்துக்கு அந்த வைரஸ் ஒன்றும் செய்யாது.

நான்காவது நம் கை. தக்காளித் தேமல், புகையிலைத் தேமல் வகை வைரஸ்களுக்குப் பூச்சியே வேண்டாம். கை, கத்தி, கட்டும் கயிறு, காய்ந்த பழைய தண்டு எதன் வழியாகவும் பரவும்.

6. "ஆபத்தைக் கணிக்கணும்"னு சொல்றீங்க. அதை எப்படிச் செய்யறது? அதுக்கெல்லாம் படிப்பு வேணாமா?

நாடுகளின் தாவரத் தடுப்புக்காப்பு (குவாரன்டைன்) அலுவலகங்கள் ஒரு வைரஸைப் பற்றி நான்கு கேள்வி கேட்கின்றன: உள்ளே வருமா, வந்தால் நிலைக்குமா, பரவுமா, எவ்வளவு நஷ்டம் தரும். விதையையும் செடியையும் இறக்குமதி செய்ய அனுமதிப்பதா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதே கேள்விகளை அரை ஏக்கருக்கும் பத்துத் தொட்டிக்கும் கேட்க முடியும். படிப்பை விட, வரப்பைச் சுற்றி ஒருமுறை நிதானமாக நடக்கும் பொறுமைதான் வேண்டும்.

முதலில், இப்போது அக்கம்பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். காய்ப்பு முடிந்து பிடுங்காமல் விட்ட தக்காளி, இலை மஞ்சளாகிப்போன பழைய வெண்டை, தேமல் விழுந்த பப்பாளி, நிலக்கடலை. பிறகு களைகள். குப்பைமேனி, பார்த்தீனியம், துத்தி, ஊமத்தை, தானாக முளைத்த மணத்தக்காளி இவற்றில் மஞ்சள் நரம்போ சுருட்டையோ தெரிகிறதா? பயிர் இல்லாத மாதங்களில் வைரஸ் குடியிருப்பது இவற்றில்தான். உங்கள் வயல் காலியாக இருப்பதால் வைரஸ் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, கொண்டுவரும் பூச்சி இப்போது இருக்கிறதா? மஞ்சள் ஒட்டுப்பொறியை (பசை தடவிய மஞ்சள் அட்டை) நடவுக்கு ஒரு வாரம் முன்பே நட்டு வையுங்கள். பலர் அதைப் பூச்சியைக் கொல்லும் கருவியாக நினைத்துச் செடி பெரிதான பிறகு கட்டுகிறார்கள். என் பார்வையில் அதன் முதல் பயன், என்ன வருகிறது, எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று காட்டுவது. காற்று வரும் பக்கத்துப் பொறியில் வெள்ளை ஈ நிறைய ஒட்டியிருந்து, அந்தப் பக்கத்திலேயே நோயுள்ள பழைய பயிரும் நின்றால் ஆபத்து அதிகம். பூச்சி இருந்து நோயுள்ள செடி எதுவும் இல்லை என்றால் நடுத்தரம்.

கடைசியாக, பூச்சி வரும் நேரத்தில் உங்கள் செடிக்கு என்ன வயது இருக்கும்? பெரும்பாலோர் விட்டுவிடும் கேள்வி இதுதான்.

7. வயசு எதுக்கு? எப்ப வந்தாலும் வைரஸ் வைரஸ்தானே?

வைரஸ் ஒன்றுதான், நஷ்டம் ஒன்றில்லை. வெண்டை மஞ்சள் நரம்புத் தேமலை வைத்து இந்தியாவில் செய்து 1974ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 50 நாள் பயிரில் நோய் வந்தால் மகசூலில் சுமார் 84 சதவீதம் போகிறது. 65 நாளில் வந்தால் சுமார் 49 சதவீதம். இளம் பயிரில் வந்தால் ஏறக்குறைய எல்லாமே போச்சு.

தக்காளியிலும் இதே கதைதான். நட்ட முதல் மாதத்தில் சுருண்ட செடி காய்க்காது. மூன்று கொத்து பிடித்த பிறகு வந்தால் பிடித்த காயைப் பறித்துவிடலாம். ஆகவே தக்காளியில் வைரஸே வராமல் தடுப்பதை விட, முதல் 40, 45 நாள் தள்ளிப்போடுவதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்கக்கூடிய காரியம். 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலைக்குள் குழித்தட்டில் வளர்த்த நாற்று, திறந்த நாற்றங்கால் நாற்றை விட நாற்றுப் பருவத்தின் 25, 30 நாளைச் சுத்தமாகக் கடக்கிறது. நாற்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், வலை எங்கேயாவது கிழிந்திருக்கிறதா, இரட்டைக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இலைப்பேன் இன்னும் பொடியானது, அந்த வலையிலும் நுழைந்துவிடும். அதற்கு வலையை மட்டும் நம்ப முடியாது.

8. பக்கத்து வயல்ல நிலக்கடலை நிக்குது. நான் தக்காளி போடலாமா?

நிலக்கடலையின் நுனியைப் போய்ப் பாருங்கள். துளிர் கருகி, இலையில் வளையமும் புள்ளியும் தெரிந்தால் அது மொட்டுக்கருகலாக இருக்கலாம். அதே வைரஸ் தக்காளிக்கும் வரும். இளம் இலை செம்பழுப்பு நிறமாகி, தண்டில் கருங்கோடு விழுந்து, நுனி கருகிச் செடி நின்றுவிடும். பழத்தில் வளையம் வளையமாக நிறம் மாறும். பூஞ்சாணக் கருகல் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

5ல் சொன்னபடி, பரப்பும் பேன் நோயுள்ள செடியில் குஞ்சாக வளர்ந்ததாக இருக்க வேண்டும். நோய் கண்ட நிலக்கடலை அப்படிப்பட்ட இடம். அறுவடையின்போது செடி காயக் காயப் பேன்கள் கூட்டமாகக் கிளம்பும், நீங்கள் அப்போதுதான் இளநாற்று நட்டிருந்தால் அதைவிட மோசமான நேரம் கிடையாது. கடலை பிடுங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து நடுங்கள். முடியாது என்றால் நடுவில் கம்போ சோளமோ முன்கூட்டியே விதைத்து, அது இடுப்பளவு வந்த பிறகு நாற்று நடலாம். கடலையில் நோயே இல்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை.

9. கோடையில தக்காளிக்கு நல்ல விலை. ஆனா அப்பதான் சுருட்டையும் வருது. என்ன பண்றது?

சூடும் வறட்சியும் வெள்ளை ஈக்கு ஏற்ற காலம். முட்டையிலிருந்து ஈயாகி வெளிவர மூன்று வாரம் போதும். பிப்ரவரி முதல் மே வரை நடும் தக்காளி தென்னிந்தியாவில் இலைச்சுருளுக்கு மிக அதிகம் மாட்டுகிறது. நம் சந்தைகளுக்குத் தக்காளி அனுப்பும் கோலாரில் 1999ல் வெளியிலிருந்து வந்த புதுவகை வெள்ளை ஈ கண்டறியப்பட்டது, இலைச்சுருளும் அப்போது கடுமையாகத் தாக்கியது. அந்த ஈ பின்னர் மற்ற பகுதிகளுக்கும் பரவியது.

கோடை நடவு கூடாது என்று சொல்லவில்லை. கூடுதல் விலையில் ஒரு பங்கை வலை நாற்றுக்கும், எதிர்ப்புள்ள விதைக்கும், மக்காச்சோள வேலிக்கும் ஒதுக்க முடிந்தால் போடுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் இரண்டும் இலைச்சுருளுக்கு எதிர்ப்பு உள்ளவை. எதுவும் செய்ய முடியாது என்றால், அதே நிலத்தில் கொத்தமல்லியோ சிறுகீரையோ போடுவது புத்திசாலித்தனம்.

10. கொத்தமல்லி, புதினா, துளசிக்கெல்லாம் வைரஸ் வராதுன்னு சொல்றாங்களே?

வரும், ஆனால் ஒவ்வொன்றின் கணக்கும் வேறு. கொத்தமல்லித் தழையையும் சிறுகீரையையும் 30, 40 நாளில் பிடுங்கிவிடுகிறோம். வைரஸ் வந்து, பெருகி, நஷ்டம் தெரிவதற்குள் பயிர் சந்தைக்குப் போய்விடும். ஆகவே தழைக்கு ஆபத்து குறைவு. அதே கொத்தமல்லியை விதைக்காகப் பூக்கவிட்டால் அசுவினி மொய்க்கும், ஆபத்து கூடும்.

புதினா நேர் எதிர். விதையில் வளர்ப்பதில்லை, தண்டை வெட்டி நடுகிறோம். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் இருக்கும். உத்தரப் பிரதேசத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் புதினாவில் வெள்ளை ஈ பரப்பும் வகை வைரஸ்கள் இலையைக் கோணலாக்குவது கண்டறியப்பட்டிருக்கிறது. சந்தையில் வாங்கிய கட்டில் இருந்து தண்டு நடுபவர்கள், தேமலோ நெளிவோ இல்லாத தண்டை மட்டும் எடுத்து, மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்திக்கு மாற்றுங்கள். ஒரே தொட்டியை ஆண்டுக்கணக்கில் வெட்டி வெட்டிப் பெருக்குவதை விடச் சுத்தமான புதுத் தண்டில் தொடங்குவது நல்லது.

திருநீற்றுப்பச்சிலை, துளசியில் இலை மஞ்சளானால் முதலில் இலையின் அடியைப் பாருங்கள். சாம்பல் படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் பூஞ்சாணம், வைரஸ் இல்லை.

11. நோய் வந்த செடியில விதை எடுக்கலாமா?

வெண்டை நரம்புத் தேமலும், மொட்டுக்கருகலும் விதை வழியாக வருவதாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் நோயுற்ற செடியில் விதை எடுக்காதீர்கள், பொக்காக இருக்கும். தட்டைப்பயறில் வரும் தேமல் வைரஸ்களில் சில விதைக்குள்ளேயே போகும், அங்கே கண்டிப்பாகக் கூடாது.

தக்காளித் தேமல் வகை விதையின் மேல்தோலில் ஒட்டியிருக்கும். 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்தால் பெருமளவு நீங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது கடுமையான காரம்.

12. வைரஸ் தாங்கும் ரகம்னு கூடுதல் விலைக்கு வாங்கினேன். அதுலயும் வந்துடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று என்று உடனே சொல்ல முடியாது. எதிர்ப்பு என்பது ஒரு குறிப்பிட்ட வைரஸுக்கு மட்டும். இலைச்சுருளுக்கு எதிர்ப்புள்ள தக்காளி மொட்டுக்கருகலில் சாகலாம். பாக்கெட்டில் "வைரஸ் எதிர்ப்பு" என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் எந்த வைரஸுக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, வைரஸும் மாறும். வெண்டைத் தேமல் 1924லேயே அன்றைய பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய். அதைத் தாங்குவதற்காக வந்த பூசா சவானி ரகம் நாடு முழுக்கப் பரவி, சில ஆண்டுகளில் எதிர்ப்பை இழந்தது. பிறகு காட்டு வெண்டை இனங்களோடு சேர்த்து பர்பனி கிராந்தி, அர்கா அனாமிகா போன்றவற்றை உருவாக்கினார்கள். நல்ல ரகம் கிடைத்ததும் 6ல் சொன்ன வரப்பு வேலையை விட்டுவிடுவதுதான் அந்த ரகம் சீக்கிரம் தோற்க வழி.

13. நாலஞ்சு செடியில மட்டும் வந்திருக்கு. பிடுங்கணுமா, விடணுமா?

வெள்ளை ஈ வகை, பயிர் ஒரு மாதத்துக்குள், பாதித்த செடி நூற்றுக்கு ஐந்தாறு என்றால் பிடுங்குங்கள். பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு செடியை உலுக்கினால் ஈ எல்லாம் பறந்து நல்ல செடிக்குப் போகும். அதிகாலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, செடியைப் பையால் மூடி, வேரோடு எடுத்துப் புதைக்க வேண்டும். வரப்பில் வீசினால் பிடுங்கியதற்குப் பலனே இல்லை.

பாதி வயல் சுருண்ட பிறகு பிடுங்குவதில் பயன் இல்லை. காய் பிடித்த செடியென்றால் 7ல் சொன்ன கணக்குப்படி விட்டுவிட்டு, பறிப்பு முடிந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் அகற்றுங்கள். மாடித்தோட்டத்தில் யோசிக்கவே வேண்டாம், ஒரு தொட்டியை இழந்தால் ஒன்பது தொட்டி பிழைக்கும்.

14. இஸ்ரேல்ல வந்த தக்காளி வைரஸ் உலகம் பூரா பரவுதாமே. நாம என்ன பார்க்கணும்?

தக்காளிப் பழத்தில் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பு உண்டாக்கும் வைரஸைக் கேட்கிறீர்கள். 2014ல் இஸ்ரேலின் தெற்கில் தென்பட்டது, 2015ல் ஜோர்டானில். சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. தக்காளித் தேமலைப் பல பத்தாண்டு தடுத்துவந்த எதிர்ப்பு மரபணுவை இது தாண்டிவிட்டதுதான் பெரிய கவலை. குடைமிளகாய்க்கும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 நவம்பரில் விதைக்கும் நாற்றுக்கும் அவசரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

6ல் உள்ள கேள்விகளை இதற்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே வரும் வழி விதையும் நாற்றும். நிலைக்குமா என்றால், காய்ந்த தண்டிலும் கயிற்றிலும் மாதக்கணக்கில் தாங்கும். பரப்புவது முக்கியமாகக் கை. ஆகவே பசுமைக்குடில் வைத்துத் தினமும் கவாத்து செய்து, கட்டி, பறிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வெளிநாட்டில் இருந்து வரும் உறவினரிடம் காகிதத்தில் சுற்றிய தக்காளி, குடைமிளகாய் விதை கேட்டு வாங்காதீர்கள். பில் உள்ள விதையை மட்டும் போடுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் கையையும் கத்தியையும் சோப்பால் கழுவுங்கள். கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைத்த தண்ணீரில் கையை நனைப்பதும் இந்த வகை வைரஸ்களுக்குப் பலன் தரும். பீடி, புகையிலை தொட்ட கையோடு தக்காளியைத் தொடக் கூடாது.

15. நான் எல்லாம் சரியா செஞ்சாலும் பக்கத்து வயல்காரர் செய்யலைன்னா?

உண்மையான கஷ்டம் இதுதான். வெள்ளை ஈக்கு வரப்பு தெரியாது. ஒருவர் வயலில் பறிப்பு முடிந்தும் மறுதாம்பாக விட்ட தக்காளி நின்றால் சுற்றி எல்லாருடைய ஆபத்தும் ஏறும். தனியாகச் செய்யக்கூடியது நாற்றைக் காப்பதும், வேலிப்பயிரும், நடவுத் தேதியைத் தள்ளிவைப்பதும்தான். அவற்றால் கிடைப்பது 7ல் சொன்ன 40 நாள். பல சமயம் அதுவே போதும்.

ஊரே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டொமினிக்கன் குடியரசு உதாரணம். 1990களில் இலைச்சுருள் அங்கே தக்காளித் தொழிலையே முடக்கியது. வெள்ளை ஈ வாழும் முக்கியப் பயிர்களை ஆண்டில் மூன்று மாதம் யாரும் போடக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது, எதிர்ப்பு ரகங்களும் வந்தன, தொழில் மீண்டது. நம் ஊரில் மூன்று மாதம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சின்ன நிலம் வைத்திருப்பவரால் முடியவும் முடியாது. ஆனால் ஒரே கிணற்றுப் பாசனத்தில் இருக்கும் நாலைந்து பேர் கோடைத் தக்காளியை ஒரே வாரத்தில் பிடுங்கி, நடுவில் மூன்று நான்கு வாரம் கம்போ மக்காச்சோளமோ தவிர எதுவும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, பிறகு எல்லாரும் பத்து நாளுக்குள் நடவு செய்வது நடக்கக்கூடியதுதான். பேசுவதற்குச் சரியான நேரம் விதை வாங்குவதற்கு முன். நாற்று வயலுக்கு வந்த பிறகு யாரும் தேதியை மாற்ற மாட்டார்கள்.